வண்டியின் பாரமும் வழியின் நலமும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு ஊர்ப் பயணம் என்பது ஆண்டுக்கு ஒருமுறையேனும் நிறைவேற்ற வேண்டிய கடமையாகும். தைப் பொங்கல், பள்ளிக் கோடை விடுமுறை, குலதெய்வ வழிபாடு, உடன்பிறந்தார் இல்லத் திருமணம் என ஏதேனும் ஒரு காரணம் நம்மை ஊருக்கு அழைத்துக்கொண்டேயிருக்கிறது. ரயிலில் இடம் கிடைக்காத நாட்களில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு புறப்படுவது ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் எங்களிடையே வழக்கம். அண்மை ஆண்டுகளில் அவ்வழக்கத்தில் ஒரு புதுமை சேர்ந்திருக்கிறது. படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, குளிர்சாதனம் ஆகிய யாவும் அமைந்த வீட்டு வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின்போது தங்கி ஓய்வெடுக்கும் 'கேரவன்' என்னும் வண்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் இல்லை. 1996-இல் திறக்கப்பெற்ற ராமோஜி திரைப்பட நகருக்குச் செல்லும் விஜயவாடா சாலையில் அத்தகைய வண்டிகளை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஆகவே, இவ்வண்டிகளைப் பற்றி ஒரு முக்கியமான செய்தியை நம் மக்கள் அறிந்துகொள்வது நலம். அதுதான் எடை வரம்பு. இதனை நாங்கள் ஏட்டில் படித்து அறிந்தோமல்லோம். ஒரு மலைச்சரிவில் நின்று அறிந்தோம்.

சில கோடைகளுக்கு முன்னர் நாங்கள் இரு குடும்பத்தார் எழுவர் அத்தகைய வண்டியொன்றை அமர்த்திக்கொண்டு, ஸ்ரீசைலத்தில் மல்லிகார்ஜுனரைத் தரிசித்துவிட்டு அவ்வழியே தமிழ்நாட்டுக்குச் செல்வதென்று புறப்பட்டோம். அச்சாலை கல்வகுர்த்தி, திண்டி, மன்னனூர் வழியாக நல்லமலைக் காட்டுக்குள் புகுந்து, பின்னர்க் கிருஷ்ணை ஆற்றை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. பாதிச் சரிவில் வண்டிக்குள் தீய்ந்த நாற்றம் எழுந்தது. ஓட்டுநர் அகலமான ஓரிடத்தில் வண்டியை மெல்ல நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தார். "பிரேக் சூடாகிவிட்டது, அம்மா. எல்லோரும் இறங்கி நிழலில் உட்காருங்கள். ஆறின பிறகுதான் போகவேண்டும்" என்றார். குழந்தைகளுக்கு அது விளையாட்டாயிருந்தது. பெரியவர்களாகிய நாங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுப் பேசாதிருந்தோம்.

பயணம் பழுதின்றி முடிந்தது. ஆனால் ஹைதராபாத் திரும்பியதும் ஒரு வழக்கு எழுந்தது. பிரேக் கட்டைகள் தீய்ந்ததற்கு ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்றும், புதுப்பிக்கும் செலவை அவர் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகவும் வண்டிக்காரர் கூறினார். "வண்டி கனமாக இருந்தது, ஐயா" என்பதற்கு மேல் ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. நம்மை எண்மராகப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர் மீது பழி விழுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருத்தல் முறையன்று. வண்டிக்காரரையும் இசையச் செய்து, வண்டியை எடைமேடைக்குக் கொண்டுசென்றோம். ஜீடிமெட்லா, செர்லபள்ளி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இத்தகைய எடைமேடைகள் உண்டு. இந்நகர மக்கள் அதனைத் 'தரம் காண்டா' என்பார்கள். தருமத் தராசு என்பது அதன் பொருள்.

முதலில் வெறும் வண்டியை நிறுத்தினோம். பதிவுச் சான்றிதழில் வெற்று எடை 4,300 கிலோ என்றிருந்தது; தராசு 4,460 காட்டியது. பதிவுக்குப் பின்னர் வண்டிக்காரர் சேர்த்த இரண்டாவது மின்கலமும், பக்கவாட்டுப் பந்தலும், கூடுதல் அலமாரியுமே அந்த 160 கிலோ. பிறகு, பயணத்தன்று இருந்தவாறே யாவற்றையும் ஏற்றினோம். ஓட்டுநரோடு எண்மர், தலைக்கு 65 வீதம் 520 கிலோ. தொட்டி நிறையத் தண்ணீர் 200. பெட்டிகள் 140. அரைக்கும் கிரைண்டர், பாத்திரம், மளிகை ஆகியவை 130. குடிநீர்க் கேன்கள் ஐந்து, அவை 100. அரிசி மூட்டை இரண்டு, 50. நாற்காலி, பாய், கூடாரம் ஆகியவை 60. உறவினர் இல்லத்துப் புதுமனை புகுவிழாவுக்காக வாங்கிய குத்துவிளக்கும் பித்தளைப் பாத்திரமும் 50. ஆக மொத்தம் 5,710 கிலோ. சான்றிதழில் குறித்த மொத்த எடை வரம்போ 5,300. வரம்புக்கு மேல் 410 கிலோவைச் சுமந்துகொண்டு நாம் மலையிறங்கியிருக்கிறோம்!

எங்களில் ஒருவரும் பெரிய சுமை எதையும் ஏற்றியதாக நினைக்கவில்லை. மயிலிறகை ஏற்றிய வண்டியாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்ற கருத்தைத் திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறியிருப்பதை நாம் பள்ளியில் படித்தோம். அது அரசர்க்குச் சொன்ன நீதி என்றே எண்ணியிருந்தோம். அன்று எடைமேடையில் அது சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று.

இனி, எடை வரம்பு என்பது யாது எனக் காண்போம். ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று, ஓட்டுநரும் சுமையும் இல்லாத வண்டியின் வெற்று எடை. மற்றொன்று, ஆளும் பொருளும் உட்பட அவ்வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றத்தக்க சுமை. வீட்டு வண்டியில் கட்டிலும் அலமாரியும் தொட்டியும் ஏற்கெனவே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டுவிடுகின்றன. வண்டி பெரிதாகத் தோன்றுவதாலும், உள்ளே இடம் மிகுதியாக இருப்பதாலும், ஏற்றலாம் என்ற எண்ணம் வருகிறது. இடம் வேறு, வலிமை வேறு.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு இவ்விரண்டு எண்களையும் காவல் செய்கிறது. மொத்த எடை வரம்பை மீறுவது மட்டுமன்று, வெறும் வண்டியே பதிவிலுள்ள வெற்று எடையை மீறியிருப்பதும் குற்றமாகும். ஓட்டியவரோடு, ஓட்டச் செய்தவரும் ஓட்ட இடங்கொடுத்தவரும் பொறுப்பாவர். ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றிருந்தால், உரிமையாளர் அறிந்தே அது நடந்ததென நீதிமன்றம் கொள்ளலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. 2019-இல் திருத்தப்பெற்ற 194-ஆம் பிரிவின்படி, அளவுக்கு மேற்பட்ட எடைக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம். எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். மிகுதிச் சுமையை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். பதிவிலிருந்து மாறுபடும்படி வண்டியின் அமைப்பை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. இந்த எண் ஓட்டுநரின் உரிமத்தையும் தீர்மானிக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியே இலகு ரக மோட்டார் வண்டி. அத்தகைய வண்டி வாடகை வண்டியாயினும் இலகு ரக உரிமம் போதுமென 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இயற்கையின் கண்டிப்பே. மலையிலிருந்து இறங்கும் வண்டியின் வேகத்தை அடக்கும்போது, அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. 5 டன் வண்டியொன்று 300 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் தோன்றும் வெப்பம், ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் சக்கரங்களுக்குள் இருக்கும் சிறு தகடுகள் தாங்கவேண்டும். எடை கூடக்கூட வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். பிரேக் அளவு மீறிச் சூடேறினால் அதன் பிடிப்புத் தளர்ந்துபோகும். ஆகவேதான் தேர்ந்த ஓட்டுநர்கள் சரிவில் குறைந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறங்குகிறார்கள். எனினும் மிகுபாரத்துக்கு அதுவும் முழு மருந்தாகாது.

டயரின் கதையும் இத்தகையதே. டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்ட எண்களுள் ஒன்று அது தாங்கும் சுமையைக் குறிப்பது. 100 என்றிருந்தால் 800 கிலோ. 121 என்றிருந்தால் 1,450 கிலோ. இதனை மீறினாலோ, காற்றுக் குறைந்தாலோ, டயரின் பக்கங்கள் மிகுதியாக மடங்கி மடங்கிச் சூடேறுகின்றன. தெலங்கானாவின் மே மாத வெயிலில் காய்ந்த சாலையும் சேர்ந்துகொண்டால் டயர் வெடிப்பதில் வியப்பில்லை.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஒரே அச்சின் மீது பாரம் குவியக்கூடாது. நம் ஊர் மாட்டு வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்தே மூட்டை அடுக்குவார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் மேலே தூக்கும். மோட்டார் வண்டியிலும் பின்னச்சுக்கு அப்பால் வைக்கும் பாரம் முன்சக்கரங்களைத் தூக்கி, திருப்பும் பிடிப்பைக் குறைக்கிறது. எங்கள் வண்டியில் தண்ணீர்த் தொட்டியும் அரிசியும் பித்தளையும் பின்கோடியிலேயே இருந்தன.

இன்னொரு பொறுப்பும் நமக்குண்டு. சாலை பொதுச் சொத்து. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெருஞ்சோதனையிலிருந்து, அச்சின் மீதுள்ள பாரம் இரட்டித்தால் சாலைக்கு விளையும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறதென்று பொறியாளர்கள் கணித்தனர். நூற்றுக்கு இருபது கூடினாலே சேதம் இரட்டிக்கும். லாரிகளோடு ஒப்பிட்டால் வீட்டு வண்டியின் பங்கு சிறிதெனினும் கணக்கு ஒன்றே. 2018-இல் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்குரிய வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அதனால் நம் சிறு வண்டியின் வரம்பு உயர்ந்துவிட்டதென எவரும் எண்ணலாகாது. நம்மைக் கட்டுப்படுத்துவது நம் வண்டியின் சான்றிதழில் உள்ள எண்ணே.

இனிச் செய்யவேண்டியவை சில. வண்டி அமர்த்தும்போதே பதிவுச் சான்றிதழைக் கேட்டு இரு எண்களையும் குறித்துக்கொள்க. வெறும் வண்டியின் அண்மைய எடைச் சீட்டு உண்டா எனக் கேட்க. புறப்படும் நாளில் ஆளும் சாமானுமாக ஒருமுறை எடைமேடைக்குச் செல்க. அப்போது முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை எனத் தனித்தனியே எடை போடச் சொல்க. இதற்காகும் கூலி மிகச் சிறிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறவாமல், வழியில் கிடைக்கும் இடங்களில் நிரப்பிக்கொள்வோமெனத் தொட்டியைக் கால்பங்கோடு வைத்துப் புறப்படுக. கனமானவற்றைத் தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கு நடுவிலும் வைக்க; கூரைமீது வைப்பது வண்டியைக் கவிழச் செய்யும். ஊரில் கிடைக்கும் அரிசியை ஊருக்கே சுமந்து செல்லவேண்டாம். திரும்பும்போது தேங்காயும் வெல்லமும் முறுக்கு டின்களும் ஏறும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்க. உறவினர் அன்போடு தருவதை மறுப்பது கடினம். அதற்கென முன்னரே இடம் விடுவது எளிது.

அன்றைய எடைமேடையில் நாங்களும் இக்கணக்கைப் போட்டோம். தொட்டியில் 150, கேன்களில் 80, அரிசியில் 50 என 280 கிலோவை நாங்கள் குறைத்திருக்கலாம். வண்டிக்காரர் தாம் சேர்த்த 160 கிலோவை நீக்கியிருந்தால் வண்டி 5,270 கிலோவுடன் வரம்புக்குள் நின்றிருக்கும். அச்சீட்டுகளைப் பார்த்த வண்டிக்காரர் சம்பளப் பிடித்தம் என்ற பேச்சை விட்டுவிட்டார். புதிய பிரேக் கட்டைகளின் விலையை அவரும் நாங்களும் பகிர்ந்துகொண்டோம். பந்தலும் அலமாரியும் அவ்வாரமே இறங்கின.

சாமான் ஏற்றும்போது ஓட்டுநர் தயங்கி நின்றதை நாங்கள் பின்னர் நினைவுகூர்ந்தோம். வாடகை கொடுப்பவரிடம் வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. நாமும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் வண்டியில் ஏறுமுன் ஓட்டுநரிடம், "பாரம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்ட பின்னரே ஏறுகிறோம். அவர் இல்லையென்றால் எதையேனும் இறக்குகிறோம். பிற மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களும் அடுத்த ஊர்ப் பயணத்தில் இதனைக் கைக்கொண்டால், வழியும் நலமாகும்; வீடும் நலமாகச் சென்று சேரும்.