உங்களுக்குத் தெரியுமா? விண்டோஸ் + லினக்ஸ் லேப்டாப் பூட் ஆகாவிட்டால்...

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறீர்களா? ஒருநாள் இரண்டில் ஒன்று திறக்க மறுத்தால், 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்ற யோசனைதான் முதலில் வரும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். அவற்றுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கும்.

■ பழைய பயாஸ் முறையில், டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் பூட் கோடுக்குக் கிடைத்த இடம் 446 பைட்தான். கடைசியாக இன்ஸ்டால் செய்த ஓ.எஸ். முந்தையதன் கோடை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். இன்றைய யூஇஎஃப்ஐ லேப்டாப்களில் இதற்கெனத் தனியாக ஒரு சிறு பார்ட்டிஷன் உண்டு. அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். எனவே விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸைக் காணவில்லை என்றால், பல சமயம் பூட் வரிசை மட்டுமே மாறியிருக்கும். யூஇஎஃப்ஐ செட்டிங்குக்குள் போய் உபுண்டுவை மேலே நகர்த்தினால் போதும்.

■ 'கிரப் ரெஸ்க்யூ' என்ற எழுத்தோடு கறுப்புத் திரை நிற்கிறதா? எந்த ஓ.எஸ். வேண்டும் என்று கேட்கும் கிரப், தன் மற்ற பாகங்களை லினக்ஸ் பார்ட்டிஷனில் தேடுகிறது. விண்டோஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனை யாராவது அழித்திருந்தால் அது பாதியிலேயே நின்றுவிடும். அப்போதும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பூட் மெனுவைத் திறந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவோ லேப்டாப்கள் பலவற்றில் பூட் மெனுவுக்கு எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9.

■ 2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பலருடைய லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். இரண்டு ஓ.எஸ். உள்ள கம்ப்யூட்டர்களை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் அப்படிப்பட்ட சிலவற்றை அடையாளம் காணத் தவறிவிட்டது. திரையில் 'எஸ்பிஏடி' பரிசோதனை தோற்றதாக ஒரு செய்தி வந்ததும் லேப்டாப் அணைந்துபோனது. நம்பகமான பூட்லோடர்களை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்'டை அணைத்து, லினக்ஸுக்குள் போய் அப்டேட் போட்ட தடைப் பட்டியலை நீக்கிவிட்டு, மறுபடி செக்யூர் பூட்டைப் போடுவதே தீர்வாக இருந்தது. நிரந்தரத் திருத்தம் 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது.

■ செக்யூர் பூட்டில் கை வைக்குமுன் ஒரு எச்சரிக்கை. பிட்லாக்கர் பூட்டு போட்ட லேப்டாப் என்றால், அந்த மாற்றத்தைக் கண்டதும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே இந்தப் பூட்டு விழுந்திருக்கும். எண், பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். அந்த எண் தொலைந்தால் ஃபைல்களை மீட்க வழியே இல்லை.

■ விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை! விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்', கெர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டுத்தான் அணைகிறது. அந்த நேரத்தில் சி டிரைவை லினக்ஸ் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் அனுமதிக்கும். கட்டாயப்படுத்தி எழுதினால் ஃபைல்கள் கெடலாம். பவர் செட்டிங்கில் இதை நிறுத்திவிடுவதே நல்லது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

■ கிரப் பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணோமா? 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓ.எஸ்.களைத் தேடும் வேலை தானாக நடப்பதில்லை, பாதுகாப்புக்காக நிறுத்திவிட்டார்கள். கிரப் அமைப்புக் கோப்பில், அந்தத் தேடலைச் செய்யும் 'ஓஎஸ்-புரோபர்' மீதான தடையை நீக்கி, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்ப வந்துவிடும்.

■ லினக்ஸ் திறக்க ஒன்றரை நிமிடம் இழுத்து, பிறகு 'எமர்ஜென்சி மோட்' வருகிறதா? இல்லாத ஒரு பார்ட்டிஷனுக்காக அது 90 விநாடி காத்திருக்கிறது. பார்ட்டிஷனை அழித்தவர்கள், பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் அதற்குரிய வரியை நீக்க மறந்திருப்பார்கள்.

■ கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தவறிக் காட்டினால் பேட்டரியை மாற்றாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

■ 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களிலும் இரண்டு ஓ.எஸ். இருந்தன: விண்டோஸ், கூடவே சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ்.

■ எதுவுமே திறக்காதபோது உதவுவது, உபுண்டு ஏற்றிய ஒரு பென் டிரைவ். அதிலிருந்து பூட் செய்து, முதலில் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். பிறகு 'பூட் ரிப்பேர்' என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப் நன்றாக ஓடும்போதே இந்தப் பென் டிரைவைத் தயார் செய்து வையுங்கள்.