புதிய சர்வரும் பழைய மென்பொருளும்

சர்வர் என்றவுடன் குளிரூட்டிய பெரிய அறையும், அதில் வரிசையாக நிற்கும் இயந்திரங்களும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால், கடைவீதியில் மாடிப்படிக்கு அடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தூசி படிந்து ஓடிக்கொண்டிருப்பதும் சர்வர்தான். பத்துப் பேர் ஒரே பேரேட்டை ஒரே நேரத்தில் புரட்டவும் எழுதவும் வழி செய்வதே அதன் வேலை. அத்தகைய சர்வர் ஒன்றை மாற்றத் திட்டமிடும்போது எழும் சிக்கலைக் கலைப்பிரிவு நண்பர்களுக்கும் விளங்குமாறு எழுத முயல்கிறேன்.

என் தந்தை மருந்து மொத்த வணிக நிலையம் ஒன்றில் வண்டி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். 'கம்ப்யூட்டர் படிக்கிற பையன்' என்று அந்நிலையத்தின் முதலாளி என்னை அழைத்துக் கேட்டார்: "தம்பி, புது மெஷின் வாங்குறது பெருசில்லை. நம்ம பில்லு அதுல ஓடுமா?"

சர்வர் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பில் போடும் மென்பொருள் நின்றுவிட்டால் எந்த மருந்து எப்போது காலாவதியாகிறது, எந்தக் கடை எவ்வளவு பாக்கி என்பது ஒன்றும் தெரியாது. வண்டி கிளம்பாது. வண்டி கிளம்பாத நாளில் எங்கள் வீட்டிற்குப் படியும் வராது.

அம்மென்பொருளை விற்ற நிறுவனத்தின் நிபந்தனை விசித்திரமானது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, எஸ்.கியூ.எல். சர்வர் 2008 ஆர்2 ஆகிய இரண்டின்மீதுதான் அதை நிறுவ வேண்டுமாம். முன்னதற்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-இல் முடிந்தது; பின்னதற்கு 2019 ஜூலை 9-இலேயே முடிந்தது. புதுவீடு கட்டுபவரிடம், வழக்கொழிந்த பூட்டைத்தான் கதவில் மாட்ட வேண்டும் என்று சொல்வது போன்றது இது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'இயங்காது' என்பது வேறு; 'நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்' என்பது வேறு. விற்பனையாளர் பெரும்பாலும் சொல்வது இரண்டாவதைத்தான். புதிய பதிப்பில் தம் மென்பொருளை அவர் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார். சோதிக்க ஆளும் பணமும் வேண்டும். எஸ்.கியூ.எல். சர்வர் 2019 போன்ற பின்வந்த பதிப்புகளில், ஒரு தரவுத்தளத்தை 2008-ஆம் ஆண்டுப் பதிப்பின் நடைமுறைப்படியே இயங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆகவே அது ஓடவும் கூடும். ஆனால் மாதக் கடைசியில் கோளாறு வந்தால் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. சிறு வணிகருக்கு அந்தத் தொலைபேசி மிக முக்கியம். அதனால் நிபந்தனையை மீறுவதைவிட, அதை ஓர் அறைக்குள் அடைத்து வைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

அந்த அறைதான் மெய்நிகர் கணிப்பொறி. ஒரே கட்டடத்தில் இரண்டு குடித்தனம் இருப்பதுபோல, ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு கணிப்பொறிகளை மென்பொருளால் உருவாக்கலாம். விண்டோஸ் சர்வரின் ஸ்டாண்டர்டு உரிமம் இத்தகைய இரண்டு குடித்தனங்களுக்கு இடம் தருகிறது. புதிய பதிப்புக்கு உரிமம் வாங்கி, அதன்பேரில் பழைய பதிப்பை நிறுவிக்கொள்ளவும் விதி உண்டு. ஒரு குடித்தனத்தில் பழைய விண்டோஸும் பில் மென்பொருளும்; மற்றதில் புதிய பதிப்பும் ஏனைய கோப்புகளும். பழைய விண்டோஸை நேராகப் புதிய இயந்திரத்தில் நிறுவப்போனால் அதற்கேற்ற டிரைவர்கள் கிடைப்பது அரிது. மெய்நிகர் கணிப்பொறியிலோ அத்தொல்லை இல்லை.

பழைய குடித்தனத்துக்கு இணைய இணைப்பு கூடாது. 2017 மே மாதம் வான்னகிரை என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளை முடக்கிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அடைக்காதவர்களே பெரிதும் அகப்பட்டனர். இனித் திருத்தமே வராத பதிப்பை எவ்வளவு காவலில் வைக்க வேண்டும்!

டாங்கிள் என்ற சிறு பொருள் வேறு இருக்கிறது. திருட்டு நகலைத் தடுக்க யு.எஸ்.பி. துளையில் செருகும் சாவி அது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வழியாக அமைத்த மெய்நிகர் கணிப்பொறி இச்சாவியை நேரடியாகக் காணாது. விரல் நீளப் பொருள், இலட்ச ரூபாய்த் திட்டத்தையே நிறுத்திவிடும். அதற்கு மாற்றாக மென்பொருள் உரிமம் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் தருமாறு முதலாளியிடம் சொன்னேன்.

நினைவகம் பற்றியும் ஒரு வார்த்தை. விற்பனையாளர் 64 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்கிறார். ஆனால் அங்கு இருப்பது எஸ்.கியூ.எல். சர்வர் 2008 ஆர்2-இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. அது 1 ஜி.பி.க்குமேல் பயன்படுத்தாது, ஒரு தரவுத்தளம் 10 ஜி.பி.யைத் தாண்டவும் விடாது. அண்டா வாங்கி ஆழாக்கு அரிசி வேகவைப்பானேன்? அந்தப் பணத்தில் வேகமான வட்டுகளும், நகல் எடுக்க இன்னொரு வட்டும் வாங்கலாம்.

பின்னாளில் புதிய தரவுத்தளத்துக்கு மாறும்போது எச்சரிக்கை தேவை. பழைய பதிப்பின் தரவைப் புதியதில் ஏற்றலாம். ஏறியதைப் பழையதில் இறக்க முடியாது. எனவே முதலில் ஒரு நகலில் ஏற்றி, சென்ற மாதத்து இருப்பும் பாக்கியும் பைசா பிசகாமல் வருகின்றனவா என்று ஒத்துப்பார்க்க வேண்டும்.

மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் காலம். ஆதலால் அப்போது வேண்டாம் என்று முடிவாயிற்று. ஏப்ரல் இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவு மாற்றம் தொடங்கும். ஞாயிறு மாலை 4 மணிக்குள் மாதிரி பில் சரியாக வராவிட்டால் பழைய சர்வரையே மறுபடி இணைத்துவிட வேண்டும். திங்கட்கிழமைப் பில்கள் புதியதில் ஏறிய பிறகு திரும்புவதென்றால் அத்தனையையும் கையால் மறுபடி போட வேண்டியிருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், மே மாதக் கணக்கு ஒத்துப்போகும்வரை பழைய இயந்திரம் அழிக்கப்படாமல் அதே படிக்கட்டின் அடியில் இருக்கும்.