செயலிக் கட்டமைப்புகளுக்கான அறிவியல் மென்பொருள் பொதியாக்கம்

இக்கட்டுரை மென்பொருளைப் பொதியாக்குவது பற்றியது. சில்லுகளுக்கு உறையிடும் தொழிலும் 'பேக்கேஜிங்' என்றே அழைக்கப்படுகிறது, அது வேறு.

செயலிக் கட்டமைப்புகளுக்கான மென்பொருள் பொதியாக்கம் என்பது, ஒரு வகைச் செயலியில் எழுதிச் சோதிக்கப்பட்ட கட்டற்ற மென்பொருளைப் பிற வகைச் செயலிகளிலும் நிறுவி இயக்கத்தக்க பொதிகளாக ஆக்கித் தரும் பணி ஆகும். இப்பணியின் பெரும்பகுதியைத் தன்னார்வலர்களே செய்து வருகின்றனர். அறிவியல் மென்பொருளைப் பொறுத்தவரை இது கூடுதல் கவனம் கோருவது. உரைத்தொகுப்பி ஒன்று புதிய செயலியில் திறந்து இயங்கினால் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். கணிப்பு மென்பொருளோ பிழையின்றி இயங்கியபடியே வேறு விடையைத் தரக்கூடும்.

ஆணைத்தொகுதியும் பொதியும்

ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனி ஆணைத்தொகுதி உண்டு. இரண்டு எண்களைக் கூட்டு என்னும் ஆணையை இண்டெல் வழிவந்த எக்ஸ்86 செயலி ஒரு பிட் வரிசையாகவும், ஆர்ம் செயலி வேறொரு பிட் வரிசையாகவும் எதிர்பார்க்கிறது. எனவே ஒன்றுக்காக ஆக்கப்பட்ட இருமக் கோப்பு மற்றதில் இயங்காது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதி இந்த வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. டெல் நிறுவனத்தின் கணினி ஆலை 2007இல் தொடங்கப்பட்டது. கைப்பேசிகளில் ஆர்ம் வழிச் செயலிகளும், கணினிகளில் எக்ஸ்86 செயலிகளும் இருந்தன. பின்னர் அதே பகுதியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஒருங்கிணைக்கப்பட்ட ஐபோன்களிலும் ஆர்ம் ஆணைத்தொகுதியே உள்ளது. ஒரகடத்தில் உருவாகும் ஊர்திகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டால் செயலி வகைகள் இன்னும் பெருகும். ஒரே வட்டாரத்திலிருந்து வெளியேறும் இக்கருவிகள் ஒன்றின் நிரலை மற்றொன்று படித்தறிய இயலாதவை.

இவற்றுக்கிடையே பாலமாக இருப்பது மூலநிரல். மூலநிரலை நிரல்மொழிமாற்றி (கம்பைலர்) உரிய ஆணைத்தொகுதிக்கு மாற்றுகிறது. அவ்வாறு கிடைத்த இருமக் கோப்புகள், அவற்றுக்குத் தேவையான பிற நிரலகங்களின் பட்டியல், நிறுவும்போது செய்ய வேண்டிய வேலைகள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்கினால் அது பொதி எனப்படும். பயனர் ஒரே கட்டளையால் ஆக்டேவ், சைலேப், நம்பை போன்றவற்றை நிறுவ இயல்வது, யாரோ ஒருவர் அந்தச் செயலிக்கென அப்பொதியை முன்னரே கட்டி வைத்திருப்பதால்தான்.

டெபியன் திட்டமும் கட்டமைப்புகளும்

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், இத்துறையின் நீண்ட வரலாற்றைக் கொண்ட வழங்கல் ஆகும். எக்ஸ்86 செயலிக்கு மட்டும் இருந்த டெபியன், 1998இல் மோட்டோரோலா 68000 குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டது. 2000இல் ஆர்ம், பவர்பிசி ஆகியவை இணைந்தன. 2002இல் வெளியான 3.0 பதிப்பு பதினொரு கட்டமைப்புகளைத் தாங்கியது. ஒரே மூலப்பொதியிலிருந்து பதினொரு வகை இருமப் பொதிகளைத் தானியங்கிக் கட்டுநர் கணினிகள் இரவுபகலாக ஆக்கின.

இந்த விரிவு சிக்கலின்றி நடக்கவில்லை. ஏதேனும் ஒரு கட்டமைப்பில் ஒரு பொதி கட்டத் தவறினால் புதிய பதிப்பின் வெளியீடே தாமதப்படும் நிலை ஏற்பட்டது. 2005இல் வான்கூவரில் கூடிய வெளியீட்டுக் குழுவினர் கட்டமைப்புகளைக் கணிசமாகக் குறைக்க முன்மொழிந்தபோது கடும் விவாதம் எழுந்தது. போதிய கட்டுநர் கணினிகளும் பராமரிக்கும் ஆட்களும் உள்ள கட்டமைப்பே அதிகாரப்பூர்வ வெளியீட்டில் இடம்பெறும் என்னும் தகுதி முறை அதன் பின்னர் வலுப்பெற்றது. முன்மொழிவின் கடுமையை எதிர்த்தவர்களும் பின்னாளில் இம்முறையின் பயனை மறுத்ததாகத் தெரியவில்லை.

64 பிட் ஆர்ம் 2015இலும், ரிஸ்க்-ஃபைவ் 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 பதிப்பிலும் அதிகாரப்பூர்வமாக இடம்பெற்றன. ரிஸ்க்-ஃபைவ் இதற்கு முன்னர் 2018 முதல் டெபியனின் புறநிலைக் கிளையில் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு, 2023 ஜூலையில் முதன்மைத் தொகுப்புக்கு மாற்றப்பட்டது.

விடை மாறும் இடங்கள்

எளிய சிக்கல்களில் தொடங்கலாம். பல பழைய மென்பொருள்களில், கணினியின் வகையை ஊகித்தறியும் சிறு நிரல் ஒன்று மூலநிரலோடு சேர்த்தே வழங்கப்பட்டிருக்கும். அது எழுதப்பட்ட ஆண்டுக்குப் பின் பிறந்த செயலியின் பெயர் அதற்குத் தெரியாது. கட்டும் பணி முதல் வரியிலேயே நின்றுவிடும். அந்தச் சிறு நிரலைப் புதுப்பித்தால் போதும். நின்றுவிடும் பிழைகள் ஒரு வகையில் நல்லவை. அவை தம்மை மறைத்துக்கொள்வதில்லை.

மறைந்திருப்பவற்றுள் பழமையானது பைட் வரிசை. 1 என்னும் எண்ணை நான்கு பைட்களில் சேமிக்கும்போது எக்ஸ்86 செயலி சிறிய இலக்கத்தை முதலில் வைக்கிறது. ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390 கட்டமைப்பு பெரிய இலக்கத்தை முதலில் வைக்கிறது. ஒன்றில் எழுதிய தரவுக்கோப்பை வரிசை மாற்றாமல் மற்றதில் படித்தால் 1 என்பது 1,67,77,216 ஆகிவிடும்.

சி மொழியின் எழுத்து வகை மாறியும் இவ்வாறே ஏமாற்றும். அதற்குக் குறை எண்கள் உண்டா இல்லையா என்பதை மொழியின் நியமம் முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்சில் உண்டு; ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் லினக்சில் இல்லை. 'அளவீடு கிடைக்கவில்லை' என்பதற்கு அடையாளமாக ஒரு நிரலாளர் -1 என்று அம்மாறியில் வைத்திருந்தால், ஆர்ம் செயலியில் அது 255 ஆகப் படிக்கப்படும். இல்லாத அளவீடு, மிகப்பெரிய அளவீடாகச் சராசரியில் சேர்ந்துவிடும். எச்சரிக்கை எதுவும் திரையில் தோன்றாது.

மிகவும் நுட்பமானது மிதவைப் புள்ளிக் கணிப்பு. பெருக்கிப் பின் கூட்டும் இரண்டு செயல்களை ஒரே ஆணையில், இடையில் தோராயமாக்காமல் செய்யும் வசதி 64 பிட் ஆர்ம், பவர், ரிஸ்க்-ஃபைவ் ஆகியவற்றுக்கான டெபியன் பொதிகளில் இயல்பாகவே பயன்படுகிறது. 64 பிட் எக்ஸ்86 செயலிகளில் இது பின்னர் சேர்க்கப்பட்டதால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகக் கட்டப்படும் பொதிகளில் அது இல்லை. இதன் விளைவைக் கையாலேயே கணித்துப் பார்க்கலாம். மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கணிப்பானில் 1.23 என்னும் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணின் வர்க்கத்தைக் கழிப்பதாகக் கொள்வோம். 1.23 × 1.23 = 1.5129, மூன்று இலக்கங்களில் 1.51. இரண்டு பெருக்கல்களையும் தனித்தனியே செய்தால் 1.51 – 1.51 = 0. முதல் பெருக்கல் தோராயமாகி, இரண்டாவது கழித்தலோடு இணைந்துவிட்டால் 1.51 – 1.5129 = –0.0029. அடுத்த வரியில் வர்க்கமூலம் எடுக்கும் நிரல், சுழியத்துக்கு மாறாக 'எண் அல்ல' என்னும் விடையை அடைகிறது.

இதில் புதிய செயலியின் தவறு ஒன்றுமில்லை. இணைந்த ஆணை தனித்தனி ஆணைகளைவிடத் துல்லியமானது. கழித்தலின் விடை ஒருபோதும் குறை எண்ணாகாது என்று நம்பிய நிரல்தான் அதுவரை தற்செயலால் தப்பித்திருந்தது எனலாம்.

நீள்துல்லிய எண்ணின் அகலமும் செயலிக்குச் செயலி வேறுபடும். லினக்சில் அதன் இலக்கப் பகுதி எக்ஸ்86இல் 64 பிட். 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகியவற்றில் 113 பிட். 32 பிட் ஆர்மில் 53 பிட் மட்டுமே. 113 பிட் கணிப்புகளைச் செய்யும் மின்சுற்று பெரும்பாலான செயலிகளில் இல்லாமையால் அவை மென்பொருள் வழியாக மெதுவாக நடக்கின்றன.

இவ்விடத்தில் பொதி பராமரிப்பாளர் ஒரு முடிவை எடுக்க வேண்டியுள்ளது. மென்பொருளோடு வரும் சோதனைத் தொகுப்பில் ஆயிரம் சோதனைகள் தேறி மூன்று தவறினால், அவை கடைசி இலக்கத்தின் தீங்கற்ற வேறுபாட்டால் தவறினவா, உண்மையான பிழையாலா என்று பிரித்தறிய வேண்டும். முதலாவதெனில் சோதனையின் பொறுத்தல் அளவைச் சற்றுத் தளர்த்தலாம். இரண்டாவதெனில் நிரலைத் திருத்தி அத்திருத்தத்தை மூல ஆசிரியர்களுக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: அக்கட்டமைப்பில் சோதனைகளையே முடக்கிவிட்டுப் பொதியைக் கட்டிவிடலாம். நேரமின்மையால் இது நடப்பதுண்டு. அவ்வாறு வந்த பொதியைப் பயன்படுத்தும் ஆய்வு மாணவருக்கு அச்சோதனைகள் தவறிய செய்தி எட்டாது. ஆகவே முடக்குவோர் அதற்கான காரணத்தைப் பொதியின் மாற்றக் குறிப்பில் எழுதி வைப்பது நல்வழக்கமாகக் கருதப்படுகிறது.

கட்டும் முறைகள்

புதிய செயலி கொண்ட கணினியிலேயே கட்டுவது நேர்முறை. அக்கணினி மெதுவானதெனில் வேறு வகைக் கணினியில் கட்டி எடுத்து வருவது குறுக்குமுறை. பின்னதில் கட்டிய நிரலை அங்கேயே இயக்கிச் சோதிக்க இயலாது. இதனால் போன்மிகள் பயன்படுகின்றன. போன்மி என்பது ஒரு செயலியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு இவற்றுள் பரவலானது. நோக்கியா 2005இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 770 இணையப் பலகை, டெபியன் வழிவந்த மேமோ இயங்குதளத்தையும் ஆர்ம் செயலியையும் கொண்டிருந்தது. அதற்கான மென்பொருளை எக்ஸ்86 கணினிகளில் கட்ட உதவிய ஸ்கிராட்ச்பாக்ஸ் என்னும் கருவி, குறுக்குமுறையையும் கியூஎமுவையும் இணைத்தே பயன்படுத்தியது.

போன்மியை முழுதும் நம்புவதற்கில்லை. பல இழைகள் ஒரே நேரத்தில் நினைவகத்தைத் தொடும்போது, ஒரு கருவகம் எழுதிய வரிசையிலேயே பிற கருவகங்கள் அவற்றைக் காணும் என எக்ஸ்86 உறுதியளிக்கிறது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகியவற்றில் அவ்வுறுதி தளர்வானது. எக்ஸ்86 கணினியில் ஓடும் போன்மி அதன் ஒழுங்கையே பெறுவதால், அங்குத் தேறிய நிரல் உண்மைச் சில்லில் எப்போதாவது ஒருமுறை தவறலாம்.

தொடக்க நிலையில் கோழி–முட்டைச் சிக்கலும் உண்டு. ஹாஸ்கெல், ரஸ்ட் மொழிகளின் நிரல்மொழிமாற்றிகள் அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்டவை. புதிய செயலியில் முதல் மாற்றியை எதைக் கொண்டு கட்டுவது? குறுக்குமுறையில் ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்து அதைக் கொண்டு அடுத்ததைக் கட்டுவர். அறிவியல் நிரல்களில் இன்றும் வாழும் ஃபோர்ட்ரான் இத்தொல்லையைத் தருவதில்லை. குனூ ஃபோர்ட்ரான் மாற்றி சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டது.

சக்தி செயலியும் பொதிகளின் தேவையும்

ரிஸ்க்-ஃபைவ் என்பது 2010இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய, உரிமக் கட்டணமற்ற ஆணைத்தொகுதி ஆகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு, அதனை அடிப்படையாகக் கொண்டு 'சக்தி' செயலிகளை வடிவமைத்தது. 2018இல் சக்தியின் சில்லு ஒன்று அமெரிக்காவில் இண்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், மற்றொன்று சண்டிகரில் உள்ள அரசின் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் உருவாயின. முதற்சில்லில் லினக்ஸ் இயங்கியது. இசுரோவுடன் இணைந்து உருவாக்கிய 'ஐரிஸ்' சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. சண்டிகரில் உருவாகி, கர்நாடகத்தில் உறையிடப்பட்ட அச்சில்லுக்கான மின்பலகையைச் சென்னையைச் சேர்ந்த சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனம் ஒருங்கிணைத்தது. மைய அரசின் சி-டாக் நிறுவனம் 'வேகா' என்னும் பெயரில் தனி ரிஸ்க்-ஃபைவ் செயலிகளை உருவாக்கியுள்ளது.

மாணவர்கள் சக்தியின் வடிவத்தை எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளில் ஏற்றிப் பார்க்கலாம். அதன் மூலவடிவம் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. இதற்குப் பயன்படும் ஆர்ட்டி ஏ7 பலகையில் நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. நம்பையையும் அதற்கு அடித்தளமான நேரியல் இயற்கணித நிரலகங்களையும் அதிலேயே கட்ட முயல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. வேறெங்கோ கட்டிவைத்த பொதியே அம்மாணவருக்கு வழி. பிற நிறுவனத்தின் பலகையில் கட்டிய ரிஸ்க்-ஃபைவ் பொதி, கொள்கையளவில், சென்னையில் வடிவமைத்த செயலியிலும் இயங்கும். இரண்டுக்கும் ஆணைத்தொகுதி ஒன்றே. சக்தியின் சி வகை, டெபியன் எதிர்பார்க்கும் பெருக்கல், அணுநிலை, மிதவைப் புள்ளி, சுருங்கிய ஆணை ஆகிய நீட்டிப்புகளுடன் அமைக்கத்தக்கது.

இந்தப் பொதிகளுக்குப் பின்னுள்ள உழைப்புக்கு ஒரு சிறு சான்று: ரிஸ்க்-ஃபைவின் முதல் அணுநிலை நீட்டிப்பில் ஒரு பைட் அளவிலான செயல்களுக்குத் தனி ஆணை இல்லை. நிரல்மொழிமாற்றி அவற்றைத் துணை நிரலகம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அந்நிரலகத்தை இணைக்கச் சொல்லாத பொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டத் தவறின. திருத்தம் பெரும்பாலும் ஒரே சொல். ஆனால் அச்சொல்லை ஒவ்வொரு பொதியிலும் ஒருவர் சேர்த்து, சோதித்து, மூல ஆசிரியருக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அடித்தளம் பற்றிய கருத்து வேறுபாடு

ஒரு கட்டமைப்பின் எந்த நீட்டிப்புகளைக் கட்டாயமாகக் கொள்வது என்பதை ஒவ்வொரு வழங்கலும் தானே முடிவு செய்கிறது. அடித்தளத்தை உயர்த்தினால் கணிப்பு விரைவுபடும். பழைய, எளிய சில்லுகள் விடுபடும். ஓப்பன்பிளாஸ் போன்ற நிரலகங்கள் இயங்கும் நேரத்தில் செயலியை அறிந்து அதற்கேற்ற கணிப்பு நிரலைத் தேர்வதன் மூலம் இரண்டுக்கும் இடம் தர முயல்கின்றன. எல்லா மென்பொருள்களிலும் அவ்வசதி இல்லை. 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10, ரிஸ்க்-ஃபைவுக்கு ஆர்விஏ23 என்னும் உயர்ந்த அடித்தளத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பொதிகள் திசையன் நீட்டிப்பு இல்லாத செயலிகளில் இயங்கா. டெபியன் 13 பழைய, எளிய அடித்தளத்திலேயே வெளியாயிற்று.