பவர் பேங்க்கில் கிட்டார் பெடல்: கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் இரைச்சல்

கிட்டார் பெடலை பவர் பேங்க்கில் ஓட்டலாமா என்று கேட்டால், "ஓட்டலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். மாட்டிய பிறகு வரும் கேள்விகள்தான் சுவாரஸ்யமானவை. சிலருக்கு எல்லாம் சுத்தமாக ஓடும். சிலருக்கு 'ஙொய்ய்' என்று ஒரு விசில் பின்னாலேயே வரும். சிலருக்குக் கொஞ்ச நேரத்திலேயே மொத்தமும் அணைந்துபோகும். கொஞ்ச நாளாக மல்டிமீட்டரும் கையுமாக இதை நோண்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகள் இவை.

முதலில், பெடலுக்கு என்ன வேண்டும்? பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசியில் ஓடுபவை. பிளக்கின் நடுமுனை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேரெதிர். ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள்? பெடலுக்குள் ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி இருக்கும். அடாப்டரைச் சொருகியதும் அது துண்டிக்கப்பட வேண்டும். அதற்கான சுவிட்ச் சாக்கெட்டின் வெளிவளையத்தோடு சேர்ந்தது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியோ ஏற்கெனவே இன்புட் ஜாக்குக்குப் போயாச்சு. கிட்டார் கேபிளைச் சொருகினால்தான் பெடல் ஆன் ஆவது அதனால்தான். மிச்சம் இருந்த பாசிட்டிவ் வெளிவளையத்துக்குப் போனது. அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்து கணக்கு. ஒவ்வொரு பெடலும் எத்தனை மில்லிஆம்ப் இழுக்கும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கும். உதாரணத்துக்கு ஒரு சின்ன போர்டு: டியூனர் 35, ஓவர்டிரைவ் 10, டிஸ்டார்ஷன் 10, கோரஸ் 20, டிஜிட்டல் டிலே 75. மொத்தம் 150 மில்லிஆம்ப். 9 வோல்ட்டால் பெருக்கினால் 1.35 வாட்.

பவர் பேங்க் மேல் 10,000 மில்லிஆம்ப் அவர் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான அளவு. அதாவது 37 வாட் அவர். வோல்டேஜை ஏற்றுவதில் ஒரு பகுதி வீணாகும். 80 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்தால் ஏறக்குறைய 30 வாட் அவர். 1.35ஆல் வகுத்தால் 22 மணி நேரம். கச்சேரி என்ன, கல்யாணமே முடிந்துவிடும்! ஒரு நல்ல ஆல்கலைன் சதுர பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லிஆம்ப் அவர் அளவில்தான். அந்த டிலே ஒன்றையே அது ஏழு மணி நேரம்கூடத் தாங்காது.

9 வோல்ட்டை எப்படி எடுப்பது? இரண்டு வழி. ஒன்று, யுஎஸ்பியின் 5 வோல்ட்டை 9 ஆக ஏற்றும் ஸ்டெப்-அப் கேபிள். இன்னொன்று, பிடி வசதி உள்ள பவர் பேங்க்கிடம் நேராக 9 வோல்ட்டைக் கேட்டு வாங்கும் டிரிக்கர் கேபிள். இரண்டாவது வழியில் ஒரு சங்கதி: பிடி 15, 20 வோல்ட்டும் கொடுக்கும். கேபிள் எதைக் கேட்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் பெடலில் சொருகாதீங்க. வோல்ட்டும் சரி, நடுமுனையும் சரி, இரண்டையும் பாருங்க. அரை நிமிஷ வேலை, ஆயிரக்கணக்கான ரூபாய் பெடல்.

இனி தொல்லைகள். முதலாவது, தானாக அணைவது. போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் தெரிந்துகொள்வது கரன்ட் குறைவதை வைத்துத்தான். ஒற்றை ஓவர்டிரைவ் இழுக்கும் கரன்ட் அதன் கண்ணுக்கே தெரியாது. "யாரும் இல்லை" என்று கடையை மூடிவிடும். இயர்பட்ஸ் போன்ற சின்னச் சாதனங்களுக்கான குறைந்த கரன்ட் வசதி உள்ள பவர் பேங்க்காகப் பார்த்து வாங்குவது நல்லது. வாசிக்கும்போது அடுத்த போர்ட்டில் போனைச் சொருகுவதும் வேண்டாம். சில பவர் பேங்க்குகள் ஒரு கணம் எல்லா போர்ட்டையும் துண்டித்துவிட்டுத்தான் மறுபடி கொடுக்கும்.

இரண்டாவது, விசில். இதற்கு இரண்டு மூலங்கள். ஸ்டெப்-அப் சர்க்யூட் நம் காதுக்கு எட்டாத வேகத்தில் சுவிட்ச் ஆகிறது. ஆனால் சுமை குறைவாக இருந்தால் விட்டுவிட்டு ஓடும். அந்த இடைவெளி காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடலாம். இன்னொன்று டிஜிட்டல் பெடல். அது கரன்ட்டைத் துடிப்பு துடிப்பாக இழுக்கிறது. ஒரே ஒயரில் வரிசையாக மாட்டினால் அந்தத் துடிப்பு பொது கிரவுண்ட் வழியாக டிஸ்டார்ஷனுக்குள் புகும். சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குவதே டிஸ்டார்ஷனின் தொழில் அல்லவா!

கண்டுபிடிப்பது எளிது: பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எது சேரும்போது விசில் வருகிறதோ, அதற்கு மட்டும் தனி பவர் பேங்க். ஒரே பவர் பேங்க்கின் இரண்டு போர்ட் போதாது, ஏனென்றால் உள்ளே கிரவுண்ட் ஒன்றுதான். பழைய பிஎன்பி ஜெர்மேனியம் ஃபஸ் பெடலில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். அதை மற்றவற்றோடு வரிசையில் மாட்டினால் நேராக ஷார்ட். அதற்குச் சதுர பேட்டரியே உத்தமம்.

கடைசியாக ஒன்று. பெடல்கள் பேட்டரிக்கு மாறினால் அவற்றின் அடாப்டர் வழியே வந்த ஹம் போய்விடும். ஆம்ப் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. மிச்ச ஹம்மைப் போக்க அதன் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கிட்டார் கம்பி அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கிறது. அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் விரல்.