அண்ணாமலை அடிவாரத்தில் மழைநீரும் கிணறும்

வடக்கே செய்யாறு, தெற்கே தென்பெண்ணை. இவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தில் திருவண்ணாமலை அமைந்துள்ளது. மலையின் பின்புறம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் நிலம் வைத்திருக்கும் உழவர்கள் ஆற்றுப் பாசனத்தை நம்பிப் பயிரிட இயலாது. கவுத்தி மலைப் பக்கம் தோன்றித் தென்பெண்ணையில் கலக்கும் துரிஞ்சலாறும் மழைக்காலத்து ஆறுதான். ஏரியும் கிணறுமே இங்கு ஆதாரம்.

ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீட்டர். இது குறைவான மழையல்ல. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் ஏறத்தாழச் சமமாகவே பெய்கிறது. ஆனால் முன்னது மாலை நேர இடிமழை. பக்கத்து ஊர் நனையும், நம் ஊர் காயும். பின்னது வங்கக் கடலின் புயலையும் தாழ்வு மண்டலத்தையும் நம்பியது. ஆடியில் விதைத்த மானாவாரி நிலக்கடலை, விழுது இறங்கும் நாளில் வாடுவது இதனால்தான்.

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. அது எங்கே போகிறது? அண்ணாமலை சுமார் 800 மீட்டர் உயரமுள்ள பாறை மலை. பாறையில் நீர் ஊறாமல் சரிவில் பாய்ந்து இறங்கும். அடிவாரச் சரளை மண்ணில்தான் வேகம் தணிந்து உள்ளே இறங்கும். அதன் கீழே மக்கிய பாறையிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே ஆழமாகத் துளையிட்டால் நீர் பெருகும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். வெடிப்பு அகப்படாவிட்டால் பணம்தான் வீண்.

நகரம் வளர, வயல்கள் மனைகளாகின்றன. முதலில் மறைவது ஏரியின் வரத்துக்கால். 2024 டிசம்பர் 1-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் இம்மலையின் சரிவில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அத்தகைய நாளில் வழி அடைபட்ட நீர் வீட்டுக்குள்தான் புகும்.

சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு செய்யுங்கள். வரப்பை உயர்த்துங்கள். வழிந்தோடும் நீரைக் கிணற்றில் நேரே விடாமல், முதலில் ஒரு குழியில் வண்டல் படியவிட்டு, மணலும் சரளையும் நிரப்பிய மற்றொரு குழியில் வடித்த பிறகே விட வேண்டும். தை மாதம் கயிறு விட்டுக் கிணற்று நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் தாழ்ந்திருந்தால் அவ்வாண்டு நவரை நெல்லை விட்டு உளுந்தோ எள்ளோ விதைக்கலாம்.