விண்ணில் ஒரு வீடு – 14: வெயிலில் காய்ந்த வீரர்

ஷெப்பர்ட், கிட்ஸென்கோ, கிரிகாலேவ் ஆகிய மூன்று விண்வெளி வீரர்களும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் குடியேறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். உண்ணவும் உறங்கவும் அங்கே இடம் இருந்தது. பெரிய அளவில் ஆராய்ச்சி செய்யத்தான் இடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2001 பிப்ரவரி 7 அன்று அட்லாண்டிஸ் விண்ணோடம் ஐந்து பேருடன் கிளம்பியது. அதன் சரக்கு அறையில் டெஸ்டினி ஆய்வுக்கூடம் இருந்தது. நீளம் 8.5 மீட்டர், எடை ஏறத்தாழ பதினான்கரை டன், செலவு 140 கோடி டாலர்.

பிப்ரவரி 10. ஐந்தாவது முறையாக விண்வெளிக்கு வந்திருந்த மார்ஷா ஐவின்ஸ், இயந்திரக் கையால் டெஸ்டினியைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, நிலையத்தில் ஏற்கெனவே இருந்த யூனிட்டி கூடத்தின் வாயோடு பொருத்தினார். பார்க்கிறவர்கள் கைதட்டும் கட்டம் இதுதான். என்னைக் கேட்டால், உயிர்நாடியான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

உள்ளே கணினிகள் ஓடினால் சூடு பிறக்கும். வெற்றிடத்தில் அந்தச் சூட்டைக் கொண்டுபோகக் காற்று கிடையாது. கூடத்துக்குள் குழாய்களில் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே உள்ள குளிரில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால், அங்கே அந்தச் சூட்டைச் சுமப்பது அம்மோனியா. சுமார் மைனஸ் 78 டிகிரி வரை அது உறையாது. ஆனால் நச்சு, மனிதர் மூச்சுவிடும் இடத்துக்குள் வரவே கூடாது.

விண்நடையில் வெளியே அந்த அம்மோனியாக் குழாயை இணைத்துக்கொண்டிருந்தபோதுதான் அட்லாண்டிஸ் வீரர் ராபர்ட் கர்பீமின் கண்ணெதிரே இணைப்பு கசிந்தது. வெற்றிடத்தில் பீறிட்ட அம்மோனியா உடனே படிகங்களாக உறைந்து அவருடைய உடையிலும் தலைக்கவசத்திலும் ஒட்டியது. அவர் பதறவில்லை. வால்வை மூடிக் கசிவை நிறுத்தினார். ஆனால் அந்த உடையோடு அப்படியே விண்ணோடத்துக்குள் போனால், உள்ளே இருப்பவர்களுக்கும் ஆபத்து.

தரைக்கட்டுப்பாட்டு அறை சொன்ன வழி மிக எளிமையானது: வெயிலில் நில். சுமார் அரை மணி நேரம் கர்பீம் சூரிய ஒளியில் நின்றார். படிகங்கள் ஆவியாகிப் பறந்தன. உடன் வந்த தாமஸ் ஜோன்ஸ் அவருடைய உடையைத் தூரிகையால் தேய்த்துவிட்டார். காற்றடைப்பு அறைக்குள் வந்த பிறகும், சிறிது காற்றை நிரப்பி, மறுபடி வெளியேற்றி, மிச்சத்தையும் போக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் முன்னெச்சரிக்கையாக ஆக்சிஜன் முகமூடி அணிந்துகொண்டார்கள். இத்தனைக்கும் நடுவே குழாய் இணைப்பு வேலையும் முடிந்துவிட்டது! ஏழரை மணி நேரம் நீண்டது அந்த விண்நடை.

மறுநாள் ஷெப்பர்டும் அட்லாண்டிஸின் தளபதி கென் காக்ரலும் டெஸ்டினியின் கதவைத் திறந்தார்கள். வெறுமையான, வெளிச்சமான அறை. ஆராய்ச்சிக் கருவிகள் பின்னால்தான் வரவேண்டும். ஆனால் கணினிகள் உடனே வேலைக்கு வந்தன. நிலையத்தில் நான்கு மாதங்களாகச் சும்மா இருந்த நான்கு ராட்சதச் சுழல்சக்கரங்களை அவை இயக்கின. நிலையத்தை நேராகப் பிடித்துவைக்க அதுவரை ரஷ்யப் பகுதியின் உந்துகலன்கள் எரிபொருளைச் செலவிட்டு வந்தன. இனி அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைச் சூரிய மின்சாரத்தில் சுழலும் இந்தச் சக்கரங்களே ஏற்றன.

(தொடரும்)