பரணில் இருந்தவர் எங்கே?

மரத்தைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பார் என்பார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் பரண் கட்டிப் பழகிய பெரியவர்கள். காட்டுப்பன்றி கண்ணைவிட மூக்கைத்தான் நம்பும். மனித வாடை அதன் பக்கம் வீசினால் அந்த ராத்திரி அது கிட்டவே வராது.

அன்று பரண் இரண்டு வகை. ஒன்று ஒளிந்துகொள்ள, இன்னொன்று தெரியும்படி இருக்க.

ஒளியும் பரண் வேட்டைக்காரனுடையது. தாங்குகிற கவை உள்ள மரமாகப் பார்ப்பார்கள். மாமரமென்றால் முசுறுக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். நடுராத்திரியில் முசுறு கடித்தால் அசையாமல் இருக்க முடியுமா? மறைப்புக்கு அதே மரத்துத் தழைதான். வேற்று மரத்துத் தழை காட்டிக் கொடுத்துவிடும். பீடி கூடாது, இருமல் கூடாது. ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926 மே மாதம் ஜிம் கார்பெட் சுட்டதும் ஒரு மாமரத்துப் பரணிலிருந்துதான். தமிழ்நாட்டுக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன், நாடா பின்னிய கட்டில் ஒன்றையே கையோடு கொண்டுபோய் மரத்தில் கட்டிக்கொள்வார்.

தெரியும் பரண் விவசாயம் பார்க்கும் சம்சாரியுடையது. சங்கப் பாட்டில் அதற்கு இதணம் என்று பெயர்; தினைப்புனத்துப் பெண்கள் அதன்மேல் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டினார்கள். நம் பக்கத்தில் நாலு கால் நட்டு, நார்க்கட்டிலை மேலே ஏற்றி, பனையோலை வேய்ந்தால் பரண் தயார். தகர டின்னும் ஒரு குச்சியும் போதும். இங்கே இருமலாம், பாடலாம். ஆள் இருப்பது பன்றிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்று ஒளியும் பரணுக்கு இங்கே இடமில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது; 1991 திருத்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. புலியைப் பார்க்க இப்போது மரம் ஏற வேண்டியதில்லை. முழங்கால் உயரத்தில் கட்டிய தானியங்கி கேமரா ஆளில்லாமலே படம் பிடிக்கிறது.

அமெரிக்காவில் ஒளியும் பரண் இன்னும் உண்டு. அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர் இரண்டு துண்டு அலுமினியப் பரணை முதுகில் சுமந்து போகிறார். மேல் துண்டில் உட்கார்ந்து கீழ்த் துண்டைக் காலால் இழுப்பது, கீழ்த் துண்டில் நின்று மேல் துண்டை உயர்த்துவது. கம்பளிப்புழு ஏறுகிற மாதிரிதான். கிளையில்லாத நேர் மரம் வேண்டும், உடம்பில் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். நமக்கு இது புதிதல்ல. உட்கார்ந்து ஏறும் தென்னை ஏறும் கருவியும் இதே வித்தைதான். அங்கே அது மானுக்கு, இங்கே தேங்காய்க்கு.

தெரியும் பரணைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அதில் உட்காரத்தான் ஆள் இல்லை. பக்கத்துச் சிவகாசியில் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் பகலில் வேலைக்குப் போகிறவர் ராத்திரி கண் விழிக்க முடியுமா? பரண் இருந்த இடத்தில் இப்போது மக்காச்சோளத்தைச் சுற்றிப் பழைய சேலை, மினுக்கும் விளக்கு, பதிவு செய்த குரலைக் கத்தும் ஒலிபெருக்கி. சிவகாசிக்காரருக்கு வெடிக்கா பஞ்சம்? ஒற்றை வெடி நாலு நாள் பலிக்கும். ஐந்தாம் நாள் பன்றி சத்தத்தைப் பழகிக்கொண்டு கதிரை ஒடிக்கும். ஆள் இல்லாத சத்தம் எது, ஆள் இருக்கும் சத்தம் எது என்று அதற்குத் தெரியும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இதில் துப்பாக்கியும் இல்லை, தூக்கமும் இல்லை. அந்தக் கடுப்பில்தான் சிலர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதில் பன்றி சாகிறது, யானை சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரரும் சாகிறார்.

சம்சாரிகளே, கம்பியில் கரண்ட் கொடுக்காதீர்கள். நாலு காட்டுக்காரர் கூடி ஒரு பரண் போட்டு, முறை வைத்துக் காவல் இருங்கள். கதிர் முற்றும் அந்தச் சில வாரங்கள் போதும்.